புதுக்கவிதை செய்வது எப்படி?

பிற மாநிலத்தில் குடியேறிய தமிழர் மூவர் கூடினால் ஒரு சங்கம் தோன்றும். நால்வர் கூடினால் இரண்டு சங்கங்கள் தோன்றும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதனோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்று. சங்கம் தோன்றிய முதலாண்டில் பொங்கல் விழா வரும். இரண்டாம் ஆண்டில் மலர் வரும். மலர் வரப்போகிறது என்ற செய்தி பரவிய மறுநாளே கவிஞர்கள் வருவார்கள். கதைக்கு ஆள் தேட வேண்டும். கட்டுரைக்குக் கெஞ்ச வேண்டும். விளம்பரத்துக்கு வெயிலில் அலைய வேண்டும். கவிதை ஒன்றுதான் கேளாமலே வந்து சேரும்.

இவ்வுண்மையை நான் பட்டறிந்தவன். 1971ஆம் ஆண்டில் வேலையின் பொருட்டு இந்நகருக்கு வந்தேன். அப்போது இதன் பெயர் பூனா. சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயிலில் வந்திறங்கும் தமிழ் வார இதழ்களை நிலையத்துக் கடையில் காத்திருந்து வாங்கிய தலைமுறை எங்களுடையது. கல்லூரியில் யாப்பருங்கலக் காரிகையை ஓரளவு கற்றிருந்தேன். தளை தட்டாமல் ஒரு வெண்பா எழுத அரைமணி நேரமும், தட்டியதைத் தட்டாதது போல் படித்துக் காட்டப் பத்து நிமிடமும் எனக்குப் போதும். இத்தகுதி ஒன்றையே கருதி, மலர்க்குழுவில் கவிதைப் பகுதியை என் தலையில் கட்டினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அச்சுமையைச் சுமந்தேன். கூடவே ஒரு சிவப்புப் பென்சிலையும் சுமந்தேன்.

அது புதுக்கவிதை பொங்கிப் பெருகிய காலம். பாரதியார் வசனத்தில் கவிதை செய்து காட்டிவிட்டு 1921இல் மறைந்தார். அவ்வழியில் ந. பிச்சமூர்த்தி 1934இல் ‘மணிக்கொடி’யில் எழுதத் தொடங்கினார். சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். 1971இல் கோவையில் ‘வானம்பாடி’ இயக்கம் எழுந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் கவிதை எழுதாத கல்லூரி மாணவனைக் காண்பது அரிதாயிற்று. அந்த அலை தக்காணப் பீடபூமி ஏறி எங்களை வந்தடைந்தபோது ஈரம் குறைந்து நுரை மிகுந்திருந்தது. மலருக்கு வந்த தாள்களில் பெரும்பாலானவை அந்த நுரையே.

அத்தாள்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து நான் அக்காலத்தில் ஒரு செய்முறை வகுத்து வைத்திருந்தேன். விரும்புவோர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கிடப்பதே போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. அதைச் சொல் சொல்லாக நறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு சொல்லைச் சற்று வலப்புறம் தள்ளி வைத்தால் அது படிமம். மூன்று புள்ளிகள் இட்டால் ஆழம். ஆறு புள்ளிகள் இட்டால் தத்துவம். புள்ளிகளுக்குப் பின் ஆச்சரியக்குறி இட்டால் புரட்சி. பிறகு நிலா ஒன்று, சிறகு இரண்டு, விடியல் ஒரு கைப்பிடி, ரத்தம் தேவையான அளவு சேர்க்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்குமுன் கடைசி வரியைத் தோசைபோல் திருப்பிப் போட்டுவிட வேண்டும். பொருள் என்னவென்று எவரேனும் கேட்டால், “கவிதை புரிந்துகொள்வதற்கு அன்று, உணர்வதற்கு” என்று கூறிச் சூடாகப் பரிமாறலாம்.

பாடுபொருளைப் பற்றியும் கவலை வேண்டா. எங்கள் கவிஞருள் ஒருவர் நிரந்தர அரசுப் பணியில் தலைமைக் குமாஸ்தா, ஓய்வூதியம் உறுதி. ஆயினும் கவிதையில் அவர் ஆண்டுதோறும் வேலையில்லாப் பட்டதாரி. பட்டச் சான்றிதழில் சுண்டல் மடித்துத் தின்றுகொண்டே சமுதாயத்தைச் சாடுவார். இன்னொருவருக்கு மூன்றும் ஆண் மக்கள். அவர் கவிதையிலோ சன்னலோரத்தில் ஒரு முதிர்கன்னி நிரந்தரமாகக் குடியிருந்தாள். மூன்றாமவர் கடற்கவிஞர். இந்நகரில் முளா, முட்டா என்று இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அவற்றைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மலைத்தொடருக்கு அப்பாலுள்ள கடலின் அலை மட்டும் அவர் தாளில் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தது.

நகைப்பதோடு நில்லாமல் ஒரு சோதனையும் செய்து பார்க்கத் துணிந்தேன். நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் மராத்தியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதை அப்படியே தமிழாக்கினேன். செய்முறைப்படி நறுக்கி அடுக்கினேன். ‘சுதந்திரம்’ என்னும் தலைப்பு மட்டுமே என்னுடைய சரக்கு. அந்த ஆண்டின் கவியரங்கில், பெயர் கூற விரும்பாத இளங்கவிஞர் ஒருவர் அனுப்பியது என்று சொல்லிக் குரலைத் தாழ்த்தி இதனைப் படித்தேன்:

நாளை
தண்ணீர் வராது.
நாளை மறுநாள்
வரலாம்.
வந்தால்
நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.
இப்படிக்கு
நிர்வாகம்.

அவை ஒரு கணம் உறைந்தது; அடுத்த கணம் கைதட்டல். அரங்கத் தலைவர் எழுந்து ஐந்து நிமிடம் உரை விரித்தார். தண்ணீர் என்பது வாழ்வாம். நாளை மறுநாள் என்பது ஆட்சியாளர் வாக்குறுதியாம். கவிதையின் உயிர்நாடியே ‘இப்படிக்கு நிர்வாகம்’ என்னும் ஈற்றடியில்தான் துடிக்கிறதாம். கடவுள் என்னும் நிர்வாகியையும் அது விட்டுவைக்கவில்லையாம்! ஓய்வுபெற்ற அஞ்சல்துறை அன்பர் ஒருவர் படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தாளைக் கேட்டு வாங்கிப் போனார்.

தலைவரின் உரையைக் கேட்டபோது எனக்கு நம் பழங்கதை ஒன்று நினைவுக்கு வந்தது. வறுமையில் வாடிய ஒருவனை, சோழன் அவைக்குப் போய்ப் பாடிப் பரிசில் பெற்று வருமாறு மனைவி துரத்தினாளாம். எழுத்தறியாத அவன், வழியில் மண்ணைத் தின்னும் பிள்ளையையும், கரையும் காகத்தையும், கூவும் குயிலையும், ஓடும் பெருச்சாளியையும் கண்டபடியே கோத்துக்கொண்டு போய் அரசன்முன் ஒப்பித்தான். கன்னாபின்னாவென்று பேசுவதாக நாம் சொல்கிறோமே, அந்த வழக்கே அப்பாட்டிலிருந்து பிறந்தது என்பார்கள். அவையோர் நகைத்தனர். கம்பரோ எழுந்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, அரசனே வியக்கும்படி பொருள் உரைத்தாராம். பரிசில் ஒப்பித்தவனுக்கு; கவிதை உண்மையில் கம்பருடையது. கவிதை எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றித் தமிழன் சொல்லிவைத்த கேலிக்கதைகளில் இதனை வெல்ல ஒன்றில்லை. கத்தரித்த செய்தித்தாளைப் பையிலிட்டுக் குலுக்கி, வரும் சொற்களை வரிசைப்படி எழுதினால் கவிதையாகும் என்று திரிஸ்தான் ட்ஸாரா 1920இல் ஐரோப்பாவில் செய்முறை கூறினார். நம்மவன் பையும் கத்தரிக்கோலும் இன்றியே அதை முடித்திருக்கிறான்.

மறுவாரம் உண்மையை நானே வெளியிட்டேன். என் புகழ் ஓங்கியது; தலைவர் ஓராண்டு என்னோடு பேசவில்லை. அன்றுமுதல் நான் ‘புதுக்கவிதையின் எமன்’ ஆனேன். மலர்க்குழுக் கூட்டத்தில் கவிதைகளை நான் படிக்கும் வேளைக்காகவே சிலர் வருவார்கள். வரிகளைச் சேர்த்து உரைநடையாக்கி, அலுவலகச் சுற்றறிக்கையின் குரலில் படித்துவிட்டு, “இதில் கவிதை எங்கே?” என்று கேட்பேன். கூட்டம் குலுங்கும். தேநீருக்கு முன் அது ஒரு சிற்றுண்டி ஆயிற்று.

அப்படி ஒரு கூட்டம். நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பள்ளிக்கூடக் கோடிட்ட தாளில் ஒரு கவிதை, கீழே புனைபெயர். தலைப்பு ‘குளாயடி’. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இது குளத்தடியா, குழாயடியா? முதலில் நகராட்சிதான் தீர்ப்பளிக்க வேண்டும்” என்றேன். சிரிப்பு எழுந்தது. பிறகு வரிகளைச் சேர்த்துப் படித்தேன். விடியலுக்கு முன் குழாயடியில் வரிசை நிற்கிறது. அம்மா மற்றப் பெண்களோடு மராத்தியில் சண்டையிடுகிறாள். நன்றாகவே சண்டையிடுகிறாள், பளகிவிட்டது. ஆனால் நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கி வைக்கும்போது மட்டும் ‘அம்மாடி’ என்கிறாள். அவ்வளவுதான், கவிதை முடிந்தது. “குடம் தூக்கினால் அம்மாடி என்பது கவிதையானால், மூட்டை தூக்கினால் காப்பியம் ஆகுமே!” என்றேன். அன்றைய சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

குழுவில் கிர்க்கியிலிருந்து வரும் அன்பர் ஒருவர் இருந்தார். தொழிற்சாலைப் பணி, வேலூர்ப் பக்கத்துக்காரர். விழா நாளில் பந்தற்கால் நடுவதிலிருந்து இலை எடுப்பது வரை முன்நிற்பவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். அவரும் சிரித்தார். மற்றவரைக் காட்டிலும் சற்று உரக்கவே சிரித்தார். கலையும்போது என்னருகில் வந்து, “சார், அந்தத் தாள் வேண்டாம்னா நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார். “குப்பைக்குத்தான் போகப் போகிறது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் கேட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதுகில் குறிப்பெழுத உதவும் என்று நினைத்திருப்பேன்.

இந்தச் சாதனைகளையெல்லாம் அலுவலகத்தில் பக்கத்து மேசை மராத்தி நண்பரிடம் பெருமையாகச் சொல்வது என் வழக்கம். ஒருநாள் அவர், “நீர் ஆத்ரேயைப் படித்ததுண்டா?” என்றார். இல்லை என்றேன். மறுநாள் ஒரு பழைய நூலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். என் மராத்தி அப்போது கடைத்தெரு மராத்தி. எழுத்துக்கூட்டிப் படிக்க மூன்று மாதம் ஆயிற்று.

பிரஹ்லாத் கேசவ் ஆத்ரே (1898–1969) புனேயை அடுத்த சாஸ்வட் பகுதியில் பிறந்தவர். நாடகாசிரியர், பத்திரிகையாளர், மேடைப் பேச்சாளர். தேசியத் திரைப்பட விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட 1954இல் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்ற ‘சியாம்ச்சி ஆயி’ அவர் எடுத்த படமே. ஆனால் இளமையில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது ஒரு கேலிக் கவிதை நூல். 1923இல் இந்தப் புனேயில் ‘ரவிகிரண் மண்டல்’ என்னும் கவிஞர் குழு தோன்றியது. மாதவ் ஜூலியன், யஷ்வந்த், கிரீஷ் முதலானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கவிதை படித்தனர். மேடையில் பாடியும் காட்டினர். மக்கள் விரும்பிக் கேட்டனர். புகழ் வந்த இடத்தில் பாவனையும் வரும் அல்லவா? காதல் பெருமூச்சும் மென்மைப் பேச்சும் பெருகின. 1925இல் ஆத்ரே ‘ஜெண்டூச்சி ஃபுலே’ என்னும் நூலை வெளியிட்டு அனைத்தையும் கிண்டல் செய்தார்.

‘ஜெண்டூ’ என்பது நம் செண்டுமல்லி. முல்லை, தாமரை என்று கவிதையுலகம் மணந்துகொண்டிருந்தபோது, மணமும் மென்மையும் பெரிதாகச் சொல்வதற்கில்லாத, ஆயினும் தசராவில் வீட்டு வாயில்தோறும் தொங்குகின்ற பூவை அவர் தலைப்பாக்கினார். அதில் ஒரு கவிதையின் செய்தி இது. காதலன் ஒருவன் ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் ரோஜா கொண்டுபோய்க் கொடுக்கிறான். நாட்கள் பல கழிந்தும் அவளிடமிருந்து மறுமொழி இல்லை. பொறுக்கமாட்டாமல், அத்தனை பூவும் வீணாயிற்றே என்று முறையிடுகிறான். அவள் உள்ளே சென்று ஒரு சாடியை எடுத்து வருகிறாள். ஒரு பூவையும் அவள் வீணாக்கவில்லை. அத்தனையையும் குல்கந்தாக்கி வைத்திருக்கிறாள்!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபின் சற்றே சுருங்கிப் போனேன். காரணம், நண்பர் அதை ஓசையுடன் படித்துக் காட்டியிருந்தார். ஆத்ரே எவரைக் கேலி செய்தாரோ அவருடைய சந்தத்திலேயே, அவருக்குக் குறையாத ஓசை நயத்துடன் எழுதியிருந்தார். அவரும் கவிஞர். நவீன மராத்திக் கவிதையின் தந்தை எனப்படும் கேசவசுத் (1866–1905) பெயருக்குக் கேசவனின் மகன் என்பது பொருள். ஆத்ரே கேலி நூலுக்கு வைத்துக்கொண்ட ‘கேசவகுமார்’ என்னும் பெயருக்கும் அதுவே பொருள். அந்தக் குடும்பத்தில் தாமும் ஒரு பிள்ளை என்று சொல்லிக்கொண்டுதான் அவர் குடும்பத்தைக் கேலி செய்தார். மேலும், அவர் கேலி செய்தது மேடையில் மாலையோடு அமர்ந்திருந்தவர்களை. பெரியவர்களின் பாவனையை அவர்களுக்கு நேராக நின்று நகைத்தார். நானோ எவர் எழுதியது என்றும் அறியாத ஒரு கோடிட்ட தாளை, அறைக்குள் அமர்ந்து நகைத்தேன்.

நண்பர் அத்தோடு விடவில்லை. பா. சீ. மர்டேகர் (1909–1956) பீப்பாயில் செத்துக் கிடந்த எலிகளைப் பற்றிக் கவிதை எழுதியபோது நகைத்தவர் பலர் என்றார். நகைத்தவர்களின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை. மர்டேகரோ புதிய மராத்திக் கவிதையின் முன்னோடி என்று போற்றப்படுகிறார். ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்று இதனினும் வேடிக்கையானது. 1943இல் ஜேம்ஸ் மெக்காலி, ஹெரால்டு ஸ்டூவர்ட் என்னும் இரு கவிஞர்கள், புதுமைக் கவிதையின் மானத்தை வாங்குவதற்காக எர்ன் மாலி என்று ஒருவரைக் கற்பனை செய்து, அவர் இளமையிலேயே இறந்துவிட்டதாகக் கதை கட்டினர். அகராதி, ஷேக்ஸ்பியர், கொசு ஒழிப்பு அறிக்கை எனக் கைக்குக் கிடைத்த ஏடுகளிலிருந்தெல்லாம் சொற்களைப் பொறுக்கி, ஒரே நாளில் 16 கவிதைகளைச் செய்ததாகப் பின்னர்க் கூறினர். 1944இல் ‘ஆங்ரி பெங்குவின்ஸ்’ இதழ் நம்பி வெளியிட்டது. ஆசிரியர் மேக்ஸ் ஹாரிஸ் ஏமாந்ததோடு, ஆபாசம் என்று வழக்கும் வந்து 5 பவுண்டு அபராதமும் கட்டினார். ஆனால் எர்ன் மாலியின் கவிதைகள் சாகவில்லை. கேலிக்காகச் செய்த அவை இன்றும் அச்சாகின்றன, படிக்கப்படுகின்றன.

இதைக் கேட்டபின் என் தண்ணீர்க் கவிதையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அன்று கைதட்டியவர்கள் மூடர்கள் அல்லர். அவர்களில் பாதிப்பேர் விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்றுவிட்டு அரங்குக்கு வந்தவர்கள். ‘வரலாம்’ என்னும் ஒரு சொல்லில் அவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கேட்டார்கள். தலைவரின் விளக்கம்தான் மிகை. அவர்களின் கைதட்டல் மிகையன்று. ஏமாற்றியதாக நான் நினைத்துக்கொண்டதே நான் ஏமாந்த இடம்.

அப்படியானால் வாக்கியத்தை நறுக்கினால் கவிதை என்று ஒப்புக்கொள்கிறேனா என்று அன்பர்கள் கேட்கலாம். இல்லை. எஸ்ரா பவுண்டு பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தில் கண்ட சில முகங்களைப் பற்றி முதலில் 30 வரிகள் எழுதினார், கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு எழுதினார். மேலும் ஓராண்டு கழித்து இரண்டு வரியில் முடித்தார். அது 1913இல் வெளிவந்தது. உடைப்பது வேறு, குறைப்பது வேறு. என் செய்முறையால் கவிதை செய்தவர்கள் உடைத்தார்கள். அந்தக் கோடிட்ட தாளில் இருந்ததோ, குறைக்க இனி ஒன்றும் இல்லாத கவிதை. அதைக் காண மூன்று மாத மராத்தியும் ஒரு நண்பரும் எனக்குத் தேவைப்பட்டனர். அப்போதும் அக்கவிதையை எழுதியவர் யாரென்று நான் தேடவில்லை. வெட்கம் மனிதனைத் திருத்துவதற்கு முன் சோம்பேறியாக்கி விடுகிறது.

அந்தக் கூட்டம் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றிருக்கும். தசராவுக்கு முதல் நாள் மண்டையில் செண்டுமல்லி குவிந்து கிடந்தது. மண்டை என்றால் தமிழ்நாட்டு உறவினர் திடுக்கிடுவர். இங்கே அது காய்கறிச் சந்தை. பூ பேரம் பேசிக்கொண்டிருந்த என் தோளை ஒருவர் தொட்டார். கிர்க்கி அன்பர். தலை முழுதும் நரைத்திருந்தது. நலம் விசாரித்தோம். பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டதாகச் சொன்னார். பிறகு பையைத் துழாவி ஒரு சிறு நூலை எடுத்தார்.

“பொண்ணு எழுதின கவிதைப் புஸ்தகம் சார். போன மாசம் வந்துச்சு. உங்களுக்கு ஒண்ணு தரணும்னு பையிலேயே வச்சிருந்தேன். எப்பவாவது கண்ணுல படுவீங்கன்னு.”

“தமிழிலா?” என்றேன்.

“மராத்தியில சார்” என்றார். சற்று நிறுத்தி, “படிச்சது அதுலதானே” என்று தாமே எனக்காகச் சமாதானமும் சொன்னார்.

அவர் முகத்தில் குத்தலின் சாயல்கூட இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து, பூவைக் கோக்கும் வேலையை மனைவியிடம் விட்டுவிட்டு, நூலைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் அந்தக் குழாயடி இருந்தது. வரிசை இருந்தது; சண்டை இருந்தது; குடம் இருந்தது. எல்லாம் மராத்தி. ஈற்றடியில் மட்டும் தேவநாகரி எழுத்தில் ‘அம்மாடி’ என்று இருந்தது. அதன்மேல் ஒரு சிறு உடுக்குறி. பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம்: தமிழ்ச் சொல், பாரம் தூக்கும்போது தாயை அழைப்பது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மராத்தியில் ளகரம் உண்டு; ழகரம் இல்லை. மராத்திப் பள்ளியில் பயின்ற அந்தச் சிறுமி தனக்குத் தெரிந்த எழுத்தை வைத்துக்கொண்டு தமிழின் வாயிலில் வந்து நின்றிருக்கிறாள். வெண்பாவும் அகவலும் அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. வீட்டில் கேட்ட பேச்சுத் தமிழே அவள் கைமுதல். அதை வைத்துக்கொண்டு அவள் நுழையக்கூடியதாக நம் மொழியில் இருந்தது ஒரே ஒரு வாயில், அது புதுக்கவிதை. எதுகை கேளாது, தளை கேளாது, மூச்சிருந்தால் உள்ளே விடும். அந்த வாயிலில் சிவப்புப் பென்சிலோடு நின்றவன் நான். அவள் திரும்பிப் போனாள். பக்கத்து வீட்டில் வரவேற்றார்கள். மராத்திக்கு ஒரு கவிஞர் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நம்மிடம் மிச்சமிருப்பது ஓர் அடிக்குறிப்பு என்பதுதான் வருத்தம்.

தமிழ்நாட்டில் இருப்போர் புதுக்கவிதையை எவ்வளவு வேண்டுமானாலும் நகைக்கலாம். அங்கே ஒருவன் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான். இங்கே நம் பிள்ளைகளில் தமிழில் நான்கு வரி எழுதத் துணிபவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வீட்டுப் பெற்றோரும் அறிவர். பிள்ளைகள் தமிழில் பிழையின்றி எழுதவில்லையே என்று நாம் வருந்துகிறோம். பிழையோடு எழுதிய அன்று என்ன செய்தோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நகைச்சுவையைக் கைவிட்டுவிட்டேன் என்று எவரும் அஞ்ச வேண்டா. இந்த மலரின் ஆசிரியர், என் மகள் வயதினர், சென்ற மாதம் பதினான்கு கவிதைகளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். தாளில் அன்றிக் கைப்பேசியில். கருவி மாறினாலும் செய்முறை மாறவில்லை. நிலாவும் சிறகும் நலமாக இருக்கின்றன. புள்ளிகள் மட்டும் பெருகியிருக்கின்றன. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இன்னும் சமுதாயத்தின்மீது வேலையில்லாப் பட்டதாரியாகப் பாய்கிறார். அவரோடு தொலைபேசியில் பேசினேன். கவிதையைப் பாதியாகக் குறைத்துத் தருமாறு கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தைத் தாங்க எனக்கு வலிமை உண்டு. என் கேலியைத் தாங்க அவருக்கும் உண்டு. ஆத்ரே கற்பித்த பாடம் அது.

பதினான்கில் ஒன்று, பத்து வயதுப் பிள்ளை எழுதியது. ஐந்து வரி. பாட்டியைப் பற்றியது. அதில் மழை ‘மளை’யாகப் பெய்கிறது. பேனாவை எடுத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தினேன், வேறெதையும் தொடவில்லை. அக்கவிதை இம்மலரிலேயே இருக்கிறது. அதில் கவிதை எங்கே என்று கேட்க விரும்பும் அன்பர்கள் அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டா, என்னிடம் வரலாம். என் முகவரி சங்கத்தில் கிடைக்கும்.